“முன்ன மாதிரி இல்ல”: என்.எஃப்.எல். (அமெரிக்க ஃபுட்பால் லீக்) பத்தி ஆட்டம் தெரிஞ்சவங்க உங்ககிட்ட என்ன சொன்னாங்க?

சிகாகோவாசி:
திங்கட்கிழமை காலைல ஆபீஸ் காபி மெஷின் பக்கம் போனா ஒரே புலம்பல். “ஆட்டம் முன்ன மாதிரி இல்லப்பா.” சொல்றவர் எங்க ஊர் டீம் பேர்ஸோட ரசிகர். சாம்பியன் ஆன 1985 டீமைப் பத்தி ஆரம்பிச்சார்னா மீட்டிங்குக்கு லேட்தான். மூணு மணி நேரத்துக்கு மேல டிவி முன்னாடி உட்கார்ந்தா பந்து நிஜமா ஆட்டத்துல இருக்கறது 11 நிமிஷம், மிச்சமெல்லாம் விளம்பரமும் ரீப்ளேயும்னு கணக்கு சொல்றார். கணக்கு சரி. ஆனா வால் ஸ்ட்ரீட் ஜர்னல் அதை எடுத்துப் போட்டது 2010ல! அப்பவே அவ்ளோதான். அதனால இது வயசானவங்க ஏக்கமா, நிஜமாவே தரம் இறங்கிடுச்சான்னு எனக்குச் சந்தேகம். உங்க ஊர்ல ஆட்டம் தெரிஞ்ச யார்கிட்டயாவது பேசியிருந்தா எழுதுங்க. டிவி பண்டிதர்கள் சொன்னது வேண்டாம்.

பிட்ஸ்பர்க் அண்ணாச்சி:
என் பையன் ஹைஸ்கூல் டீம்ல ஆஃபன்சிவ் லைன்ல நிக்கறான், அதாவது பந்து எறியறவரை எதிராளிங்க நெருங்காமத் தடுக்கற வரிசை. அவங்க லைன் கோச் வீட்டுல ஒரு ஞாயித்துக்கிழமை ஆட்டம் பார்த்தோம். மனுஷன் பந்தையே பார்க்கமாட்டேங்கறார். ரிமோட்டைக் கையில வச்சுக்கிட்டு, நிறுத்தி நிறுத்தி அந்த வரிசையில இடது ஓரம் நிக்கற லெஃப்ட் டேக்கிளோட காலை மட்டும் காட்டினார். “இங்க பாரு. முதல் அடி பின்னாடி வைக்கும்போதே இடுப்பு நிமிர்ந்துடுச்சு. கை ரெண்டும் வெளிப்பக்கம் போகுது. இனிமே இவனால யாரையும் தடுக்க முடியாது.” ஓடவிட்டார். பந்து எறியற குவார்ட்டர்பேக் தரையில கிடந்தார்.

லைன் இப்படி ஆனதுக்கு அவர் சொல்ற காரணம், லீக்கும் ஆட்டக்காரங்க சங்கமும் போட்ட 2011 ஒப்பந்தம். அதுல சீசனுக்கு முந்தின பயிற்சி கேம்ப்ல ஒரே நாள்ல ரெண்டு வேளை முழுப் பயிற்சிங்கறது போச்சு. சீசன் முழுக்க பேட் கட்டிக்கிட்டு முட்டிப் பழகறது 14 தடவைதான். “எறியறதை தனியா நின்னு பழகிக்கலாம். தடுக்கறதுக்கு எதிர்ல ஒருத்தன் நிஜமா முட்டணும்.” 2021ல சீசன் ஆட்டத்தை 17 ஆக்கிட்டு, அதுக்கு முன்னாடி வர்ற வெள்ளோட்ட ஆட்டத்தை மூணாக் குறைச்சாங்க. அதுலயும் பெரிய ஆளுங்க பாதிப்பேர் பெஞ்சுல தொப்பி போட்டுக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க. செப்டம்பர்ல நாம பார்க்கறதே பயிற்சிதான், டிக்கெட் போட்டு விக்கறாங்கன்னு அவருக்கு எரிச்சல்.

“அப்ப பழையபடி தினமும் முட்டவிடலாமா கோச்?”னு கேட்டேன். இந்த ஊர்ல அந்தப் பேச்சு எடுத்தா மைக் வெப்ஸ்டர் பேர்லதான் போய் நிக்கும். எங்க டீம் ஸ்டீலர்ஸோட சென்டர், அதாவது லைன் நடுவுல நிக்கறவர்; சூப்பர் பவுல்ங்கற இறுதி ஆட்டத்தை நாலு தடவை ஜெயிச்சவர். 2002ல 50 வயசுல போய்ச் சேர்ந்தார். அவர் மூளையைப் பரிசோதிச்சுத்தான் டாக்டர் பென்னட் ஒமாலு தலையில திரும்பத் திரும்ப அடிபட்டு வர்ற சி.டி.இ.ங்கற மூளை பாதிப்பை முதல்முறையா ஒரு என்.எஃப்.எல். ஆட்டக்காரர்கிட்ட கண்டுபிடிச்சார். கோச் சின்ன வயசுல வெப்ஸ்டர் ஆட்டத்தைப் பார்த்து வளர்ந்தவர். “வேண்டாம். லைன் மட்டமாவே இருந்துட்டுப் போகட்டும்”னார். பக்கத்துல சிப்ஸ் தின்னுக்கிட்டிருந்த என் பையனைப் பார்த்தேன். எனக்கும் அதான் சரின்னு பட்டுச்சு. தரம் குறைஞ்சிருக்குங்க, ஆனா தெரிஞ்சேதான் குறைச்சிருக்காங்க.

டாலஸ் நைட் ஷிஃப்ட்:
அண்ணாச்சி, லைன் விஷயம் ஒத்துக்கறேன். மத்தபடி ஆட்டம் மட்டம்னு சொல்றவங்களுக்கு 2022 ஜனவரியில சீஃப்ஸ், பில்ஸ்னு ரெண்டு டீம் மோதின ஆட்டத்தைப் போட்டுக் காட்டணும். கடைசி ரெண்டு நிமிஷத்துல ரெண்டு டீமும் சேர்ந்து 25 பாயிண்ட். 13 செகண்ட் இருக்கும்போது பில்ஸ் முன்னால இருந்துச்சு. அதுக்குள்ள சீஃப்ஸ் சமன் பண்ணி, ஓவர்டைம்ல 42-36னு ஜெயிச்சுட்டாங்க. எந்தக் காலத்துல சார் இந்த மாதிரி பார்த்தீங்க?

எங்க ஊர்க்காரங்க வயித்தெரிச்சல் வேற. நான் முடி வெட்டிக்கற கடைக்காரர் எங்க டீம் கௌபாய்ஸோட வெறியர். அதுல ஆடின டெஸ் பிரையன்ட்னு பேரைச் சொன்னாப் போதும், பாதி வெட்டின தலையோட நம்மளை விட்டுட்டு, டவலைச் சுருட்டிப் பந்தாக்கி, ஒரு எட்டு, ரெண்டு எட்டு, மூணு எட்டு, கையை நீட்டினான்னு நடிச்சே காட்டுவார். 2015 ஜனவரி, கிரீன் பே ஊர்ல நடந்த ஆட்டம். களத்துல கேட்ச்னு கொடுத்ததை ரீப்ளே பார்த்து இல்லைன்னுட்டாங்க. அப்புறம் 2018ல எது கேட்ச்ங்கற விதியையே மாத்தினாங்க. ஆட்டக்காரங்க மேல அவருக்கு ஒரு குறையும் இல்ல. விதி எழுதறவங்களைத்தான் திட்டுவார்.

ஃப்ரீமான்ட் அக்கா:
தம்பிங்களா, இங்க தரத்தைப் பத்தி யாரும் பேசறதில்ல. ஏர்போர்ட்டுக்குப் போகும்போது டாக்சி ஓட்டினவர் கார்ல, பக்கத்து ஓக்லாந்துல இருந்த ரெய்டர்ஸ் டீமோட கொடி, சாயம் போய் சாம்பல் கலராத் தொங்குது. “இன்னமும் பார்க்கறீங்களா?”ன்னு கேட்டேன். 1982ல லாஸ் ஏஞ்சல்ஸ் போனாங்க, காத்திருந்தாராம். 1995ல திரும்பி வந்தாங்க, மன்னிச்சுட்டாராம். 2020ல லாஸ் வேகஸ். “மூணாவது தடவைக்கு எனக்கு வயசில்ல.” ஓக்லாந்துல பாஸ்கெட்பால் டீம் வாரியர்ஸும் போயாச்சு, பேஸ்பால் டீம் ஏ’ஸும் போயாச்சு. செயின்ட் லூயிஸ் ஆளுங்களுக்கும் சான் டியாகோ ஆளுங்களுக்கும் இதே கதிதானே?

2025 சூப்பர் பவுலை சராசரியா 12.7 கோடி பேர் பார்த்தாங்கன்னு கணக்கு வந்துச்சு. நம்மாளு பார்க்கலைன்னு அதுல தெரியவா போகுது? ஆனா டிவியை நிறுத்திட்டவர் கொடியைக் கழட்டலை பாருங்க, அது எனக்குப் புரியவே இல்ல.

எடிசன் மாமா:
நான் பார்த்தது வேற ரகம். 2018ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்து எங்க நியூ ஜெர்சியில ஆட்டத்து மேல பணம் கட்டற பந்தயம் சட்டப்படி ஆனப்புறம் ஸ்போர்ட்ஸ் பார்ல சத்தமே மாறிப்போச்சு. ஒரு நாள் எங்க பக்கத்து டீம் ஜெட்ஸ் படுமோசமாத் தோத்துக்கிட்டிருக்காங்க. கடைசி நிமிஷம். அஞ்சாறு யார்டுக்கு ஒரு சின்ன பாஸ், ஒண்ணுக்கும் உதவாத பாஸ். ஒரு டேபிள் பசங்க நாற்காலி மேல ஏறிக் கத்தறாங்க. கவுன்ட்டர்ல ஜெட்ஸோட பச்சை ஜெர்சி போட்ட பெரியவர், டச்டவுன் போட்டு ஸ்கோர் ஏத்திட்டாங்களோன்னு எட்டிப் பார்த்தார். ஒரு பையன் போனைக் காட்டினான்: அந்த ஆட்டக்காரர் ஆட்டத்துல மொத்தம் 50 யார்டு தாண்டணும்னு பணம் கட்டியிருக்கான், தாண்டிட்டார். “டீம் தோக்குதேப்பா!”ன்னார் பெரியவர். “நான் ஜெட்ஸ் இல்ல அங்கிள்”னு சொல்லிட்டு அவன் அடுத்த ஆட்டத்துக்குக் கட்ட ஆரம்பிச்சுட்டான்.

அவங்க எல்லா ஊர் ஆட்டத்தையும் பார்க்கறாங்க, வியாழக்கிழமை ராத்திரி அரைத்தூக்க ஆட்டத்தைக்கூட விடறதில்ல. மவுசு குறைஞ்சுதுன்னு லீக்குக்கு எவன் போய் சொல்றது? பெரியவர் பில்லைக் கொடுத்துட்டு முடியறதுக்கு முன்னாடியே கிளம்பிட்டார்.