பிச்சாவரம்: உரம் நிறைய இருக்கும் மாதத்தில் நுண்பாசி ஏன் இல்லை?

கேள்வி: முதுகலை மாணவி

வணக்கம். கடல் உயிரியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆய்வுக்காக மாதம் ஒருமுறை பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டுக்குள் படகில் போய் நுண்பாசி, அதாவது பைட்டோபிளாங்டன், எடுக்கிறேன். மே மாதம் வலையை இழுத்தபோது அடிக்குப்பியில் பழுப்பாகக் கஞ்சி போலச் சேர்ந்திருந்தது. நவம்பரில் அதே வாய்க்கால், அதே வலை. சேறும் இலைத் துணுக்கும்தான் வந்தன. ஆனால் பாசிக்கு உரமான நைட்ரேட்டும் சிலிகேட்டும் நவம்பரில்தான் அதிகம், மே மாதம் குறைவு. உரம் கூடும்போது பயிர் குறையுமா? நான் எங்கே தப்பு செய்தேன்?

பதில்: வெள்ளாற்றங்கரை

தப்பு உங்களிடம் இல்லை அம்மா. பரங்கிப்பேட்டையில் இருந்துகொண்டு வெள்ளாற்றிலும் பிச்சாவரத்திலும் பல வருடம் தண்ணீர் எடுத்தவன் நான். நீங்கள் பார்த்ததைத்தான் ஒவ்வொரு வருடமும் பார்த்தேன்.

வயலில் உரம் போட்டுவிட்டு, இரவு பகலாக வெள்ளம் பாய்ந்துகொண்டே இருந்தால் நாற்று நிற்குமா? அக்டோபர் முதல் டிசம்பர் வரை இங்கே நடப்பது அதுதான். வெள்ளாறும் கொள்ளிடமும் உரத்தையும் கொண்டுவருகின்றன, பாசியைக் கடலுக்கும் தள்ளிவிடுகின்றன. பாசி ஒரு செல்லிலிருந்து இரண்டாவதற்கே ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். அதற்குள் அந்தத் தண்ணீர் சின்னவாய்க்கால் முகத்துவாரம் தாண்டிப் போய்விட்டால் கூட்டம் எங்கே பெருகுவது?

அப்புறம் வெளிச்சம். தெளிவு பார்க்கும் வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பாருங்கள். அடைமழை நாளில் முழங்கை ஆழம் போவதற்குள் கலங்கலில் மறைந்துவிடும். உப்பும் இறங்கிவிடுகிறது. கோடையில் கடலுக்குச் சமமாக நிற்கும் வாய்க்காலில் மழைக்குப் பிறகு நாக்கில் வைத்தால் உப்புச் சுவையே தெரியாது. கடல் டயட்டங்கள், அதாவது சிலிகேட்டால் கண்ணாடி ஓடு கட்டும் நுண்பாசிகள், அதில் தாங்காது, நன்னீர்ப் பச்சைப்பாசிகள் கொஞ்சம் தலைகாட்டும்.

மே மாதம் நைட்ரேட் குறைவாக இருந்தது என்கிறீர்களே, அதைத்தான் கவனிக்க வேண்டும். நீங்கள் அளப்பது பாசி தின்றது போக மிச்சம். நவம்பரில் தின்ன ஆளில்லை, அதனால் கூடுதலாகத் தெரிகிறது. ஜனவரியில் மழை விட்டு, மண் படிந்து, வெயில் உள்ளே இறங்கியதும் பாருங்கள், அந்தச் சிலிகேட் மளமளவென்று கண்ணாடி ஓடாக மாறும். நுண்ணோக்கியில் இந்த டயட்டங்களைப் பாருங்கள்: ஸ்கெலிடோனீமா மணி கோத்தது போல வரும். கீட்டோசெராஸ் சங்கிலி இரு பக்கமும் நீண்ட முடி விட்டுக்கொண்டு ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கும். காசு போல வட்டமாக, தேனடைக் கட்டம் போட்டுக் கிடப்பது கோசினோடிஸ்கஸ். கோடை முற்ற முற்ற, மூன்று கொம்புள்ள செரேசியம் போன்ற, சாட்டை இழையால் நீந்தும் சுழல்கசை உயிரிகளும் கூடும். முதன்முதலாகக் கீட்டோசெராஸைப் பார்த்த நாள் இன்றும் கண்ணில் நிற்கிறது.

ஒரு எச்சரிக்கை. கேரளக் கடற்கரை ஆய்வுகளை இங்கே பொருத்தாதீர்கள். அங்கே தென்மேற்குப் பருவத்தில் ஆழத்துக் குளிர்ந்த நீர் மேலெழும்பி டயட்டங்கள் பெருகும். நம் மழை வடகிழக்கு, நாள்காட்டியே வேறு.

இன்னொன்று, நான் பட்டது. ஒரு வருடம் டிசம்பர் மாதிரியைக் கடல் வற்றத்திலும் ஜனவரி மாதிரியைக் கடல் ஏற்றத்திலும் எடுத்துவிட்டு, எண்ணிக்கை பல மடங்கானதைப் பருவ மாற்றம் என்று எழுதிவிட்டேன். பாதி வித்தியாசம் கடல் தண்ணீர் உள்ளே வந்ததால்தான். அந்த மாதங்களின் கணக்கு முழுவதையும் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. எப்போதும் ஒரே ஓத நிலையில் எடுங்கள். வலையை மட்டும் நம்பவும் வேண்டாம். நாற்பத்தெட்டு மைக்ரான் வலைக்கண்ணில் சின்னப் பாசி நழுவிவிடும், மழைக்காலத்தில் சின்னதுதான் மிச்சமிருக்கும். வலையில் வடிக்காத ஒரு லிட்டர் தண்ணீரில், பாசியைக் கெடாமல் வைக்கும் லுகால் அயோடினை வெளிர் கட்டன் தேநீர் நிறம் வரும்வரை விட்டு, இரண்டு நாள் படியவிட்டு எண்ணுங்கள்.

பதில்: பாம்பன் கரை

அண்ணே, எங்கள் பக்கம் செப்டம்பர், அக்டோபரில் கடல் திடீரென்று பச்சையாகி நாற்றமடிக்கிறதே, அதுவும் இந்த டயட்டம்தானா?

பதில்: வெள்ளாற்றங்கரை

இல்லை தம்பி, அது பெரும்பாலும் நாக்டிலுகா. டயட்டத்தைப் பிடித்துத் தின்கிற உயிர் அது. உடம்புக்குள் குடியிருக்கும் நுண்பாசியால்தான் அந்தப் பச்சை. கூட்டமாகச் செத்து அழுகும்போது தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். 2019இல் மன்னார் வளைகுடாவில் அப்படித்தான் மீன்கள் செத்தன, மண்டபம் பக்கத்துத் தீவில் பவளப்பாறையும் செத்தது. கரையில் மீன் ஒதுங்கினால் பொறுக்கிச் சமைக்காதீர்கள்.

கேள்வி: முதுகலை மாணவி

நன்றி ஐயா. ஜனவரி இரண்டாவது வாரம் போகிறேன். ஓத அட்டவணையில் உள்ள உச்ச நேரத்துக்கே எடுத்தால் சரிதானே?

பதில்: வெள்ளாற்றங்கரை

அந்த நேரம் கடலோரத்துக்குரியது அம்மா. காட்டுக்குள் தண்ணீர் தாமதமாகத்தான் ஏறும், ஒவ்வொரு வாய்க்காலுக்கும் ஒரு கணக்கு. சுரபுன்னை வேரில் ஒரு நூலைக் கட்டிவிட்டுப் படகை நிறுத்துங்கள். நூல் முங்கி, தண்ணீர் நின்று, மிதக்கிற இலை எந்தப் பக்கமும் போகாமல் கிடக்கும் அந்த நேரத்தில் குப்பியை இறக்குங்கள்.