வீடு இரண்டான வருடம் கதவைத் தட்டியது யார்?

தெப்பக்குளத்துக்காரி

பதின்ம வயதில், வீட்டில் அம்மா அப்பா சண்டை உச்சத்தில் இருந்தபோது, உங்களுக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ விளங்காத ஏதாவது நடந்ததுண்டா? என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2012. எனக்கு 15, தம்பிக்கு 11. அனுப்பானடியில் மாடி வீடு. அந்த வருட மின்வெட்டை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு மணி நேரம் கரண்ட் இருந்தால் அடுத்த ஒரு மணி நேரம் இருக்காது. எங்கள் வீட்டுச் சண்டையும் அதே கணக்குதான். டிவி ஓடும்வரை சும்மா இருப்பார்கள், கரண்ட் போனதும் இருட்டுக்குள் ஆரம்பிக்கும். கடைசியில் அம்மா சூட்கேஸை எடுத்துக்கொண்டு திருப்புவனத்துக்கு, அம்மாச்சி வீட்டுக்குப் போய்விட்டார். எங்களைப் பார்த்துக்கொள்ள அப்பத்தா வந்தது.

அம்மா போன பிறகு அவர்கள் அறையை அப்பா பூட்டிவிட்டு ஹாலில் படுத்துக்கொள்வார். அடுத்த அறையில் நானும் தம்பியும். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, கரண்ட் இல்லாத நேரம், பூட்டிய அந்த அறைக்கு உள்ளே இருந்து கதவைத் தட்டும் சத்தம். மூன்று தட்டு. கூடவே வளையல் சத்தம். அம்மா அப்படித்தான் தட்டுவார், புறங்கையால்.

தம்பி கண்ணைத் திறந்துகொண்டுதான் படுத்திருந்தான். "கேக்குதாடா?" என்றேன்.

"எனக்குக் கேக்காதுக்கா."

'கேக்கல' என்று அவன் சொல்லவில்லை. 'கேக்காது' என்றான். அந்த ஒரு சொல்தான் இன்றுவரை என்னை விடவில்லை.

மூன்று வாரம் இப்படியே போனது. அப்பாவிடம் சொன்னால் எலி என்றார். அப்பத்தா நெற்றி நிறையத் திருநீறு பூசிவிட்டது. அப்புறம் ஒருநாள் ஸ்கேல் தேடித் தம்பியின் ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்தேன். காம்பஸுக்கு அடியில் பாதியாக வெட்டிய ஒரு ரூபாய்க் காசு.

மதுரைப் பக்கத்து ஆட்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காக: திருப்புவனத்தை ஒட்டி மடப்புரம் பத்ரகாளி கோயில் இருக்கிறது. மேலே கூரை கிடையாது. வெட்டவெளியில், அய்யனார் குதிரை தூக்கி நிற்கும் முன்னங்கால்களுக்குக் கீழே, எலுமிச்சை மாலையோடு காளி நிற்பாள். நமக்குத் துரோகம் செய்தவரைக் காளி தண்டிக்கட்டும் என்று அவர் பெயரைச் சொல்லி அங்கே காசு வெட்டிப் போடுவார்கள். பணத்தை ஏமாற்றியவன், நிலத்தை அமுக்கியவன், குடும்பத்தைக் கெடுத்தவன், எல்லாரும் அந்தக் கணக்கில் வருவார்கள். போலீசுக்குப் போகப் பயப்படாதவர்கள்கூட மடப்புரம் என்றால் ஒரு நிமிடம் யோசிப்பார்கள்.

அது யாருக்கு வெட்டிய காசு? மிச்சத்தைச் சொல்லக் கொஞ்சம் தெம்பு வேண்டும். நீங்கள் எழுதுங்கள், வருகிறேன்.

திருநகர் ராக்கோழி

சத்தம் எனக்குக் கேட்டதில்லை. ஆனால் அமுக்குவான் பேய் தெரியும். பத்தாவது பரீட்சை நேரம், அப்பா வீட்டுக்கு வருவதை நிறுத்தியிருந்தார். விடிகாலையில் முழிப்பு வரும், கை கால் அசையாது, நெஞ்சு மேல் யாரோ குந்தியிருப்பார்கள். பக்கத்தில் படுத்திருக்கும் அண்ணனைக் கூப்பிட்டால் குரல் வராது.

பின்னால் ஒரு டாக்டர் சொன்னார்: கனவு காணும்போது, கனவில் ஓடுகிற ஓட்டத்துக்கு நாம் நிஜமாகவே எழுந்து ஓடிவிடாமலிருக்க மூளை தசைகளைக் கட்டி வைக்கும். அந்தக் கட்டு அவிழும் முன்பே முழிப்பு வந்துவிட்டால் இப்படி. சில விநாடி, மிஞ்சினால் இரண்டொரு நிமிடம். தூக்கம் கெட்டவர்களுக்கும், மல்லாந்து படுப்பவர்களுக்கும் அதிகம் வரும். ஆளும் தெரியலாம், சத்தமும் கேட்கலாம். அக்கா, உங்கள் வளையல் சத்தம்கூட அதுவாக இருக்கலாம், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் ஒன்று. எனக்கு வந்த அதே உருவத்தை, நான் வாயைத் திறக்கும் முன்பே என் அண்ணன் ஒருநாள் வரைந்து காட்டினான். இதை டாக்டரிடம் நான் சொல்லவில்லை.

உசிலம்பட்டித் தங்கச்சி

எங்கள் அக்காவுக்குப் பேய் பிடித்ததாகச் சொல்லிக் கோடாங்கியை வரவழைத்தார்கள். அப்போது அவளுக்கு 17. அப்பா இன்னொரு இடத்தில் குடும்பம் வைத்திருந்தது ஊருக்கே தெரியும். வீட்டில் மட்டும் யாரும் அதைப் பேசக் கூடாது.

உடுக்கு அடிக்க அடிக்க அக்கா தலைவிரி கோலமாக ஆடினாள். "நீ யாரு?" என்று கேட்டதற்கு, செத்துப்போன எங்கள் பாட்டி பெயரைச் சொன்னாள். அப்புறம் அப்பாவைப் பார்த்து, "ஏலே, ரெண்டு அடுப்புல ஒலை வைக்கிறியே, எந்தச் சோத்தத் திங்கப் போற?" என்றாள். பாட்டியின் குரலேதான். அதுவரை கல்லாக நின்ற அப்பா தரையில் உட்கார்ந்து அழுதார். மகள் கேட்டிருந்தால் அறை விழுந்திருக்கும். பேய் கேட்டதால் பதில் சொல்ல வேண்டி வந்தது.

அக்காவைப் பிடித்துக்கொண்டிருந்தது நான். அந்த நேரத்தில் அவள் என் உள்ளங்கையை லேசாகக் கிள்ளினாள். நடிக்கிறாள் என்று எனக்கு அப்படி ஒரு நிம்மதி. கல்யாணமாகி ரொம்ப நாள் கழித்து அதைக் கேட்டேன். "நான் எப்படி கிள்ளுறது? என் ரெண்டு கையயும் பின்னால கட்டியிருந்தாங்களே" என்றாள்.

மேலூர்ப் பங்காளி

என்னுடையது சின்னது. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் கிணற்றுப் பங்குத் தகராறு. அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்பு முன்னால் சத்தியம் செய்வதென்று முடிவானது. அங்கே மூடிய கதவுக்குத்தான் சந்தனமும் மாலையும். அழகரே சித்திரையில் மதுரைக்குப் புறப்படும்போது அந்தக் கருப்பிடம் நகைக் கணக்கை ஒப்பித்துவிட்டுத்தான் போகிறார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கைநீட்டப் போன நேரத்தில் சித்தப்பா கையை இழுத்துக்கொண்டார். கதவுக்குப் பின்னால் குதிரை செருமியதாம். எனக்கும் கேட்டது. பக்கத்தில் நின்ற என் தம்பிக்குக் கேட்கவில்லை.

தெப்பக்குளத்துக்காரி

ராக்கோழி, கோபமெல்லாம் இல்லை. தூக்கத்தில் கேட்டிருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். கையில் விசிறியோடு உட்கார்ந்திருந்தபோது கேட்டது.

சரி, மிச்சம். காசைக் காட்டியதும் தம்பி மறைக்கவில்லை. அம்மாவுக்குக் காசு வெட்ட அப்பத்தா மடப்புரம் போனபோது இவனையும் கூட்டிப்போயிருக்கிறது. "குடும்பத்தைப் பிரிக்கணும்னு நெனைக்கிறவங்களுக்கு வெட்டுறதுடா" என்று சொல்லியிருக்கிறது. இவன் தனக்கும் ஒரு ரூபாய் கேட்டு வாங்கியிருக்கிறான்.

"யாருக்குடா வெட்டுன?"

"நீதான்க்கா சொன்ன."

சொன்னேன்தான். அதற்கு முந்தின ராத்திரி, சண்டை முடிந்து அம்மா போனிலேயே அழுதுகொண்டிருந்தபோது, "ரெண்டு பேரும் பிரிஞ்சே தொலையட்டும், நாமளாவது தூங்கலாம்" என்று சொன்னவள் நான்தான். வீட்டில் அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொன்ன ஒரே ஆள். எனக்கு மட்டும் ஏன் கேட்டது, அவனுக்கு ஏன் 'கேக்காது' என்பது அப்போதுதான் புரிந்தது.

அன்று சாயங்காலமே அந்தப் பாதிக் காசைத் தெப்பக்குளத்தில் எறிந்துவிட்டேன். திருமலை நாயக்கர் வெட்டிய அவ்வளவு பெரிய குளத்தில் அப்போது சொட்டுத் தண்ணீர் இல்லை. உள்ளே பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

சத்தம் நிற்கவில்லை, குறைந்தது. பின்னால் அம்மாவும் அப்பாவும் சேர்ந்தே விவாகரத்துக்கு மனுப் போட்டார்கள். இருவருக்கும் சம்மதம் என்றாலும், மனம் மாறுகிறதா பார்க்க 6 மாதம் விடுவார்கள். அந்த 6 மாதமும் தம்பி காலண்டர் தாளை ஒன்றுவிடாமல் கிழித்துப் பத்திரப்படுத்தினான். தீர்ப்பு வந்த ராத்திரியோடு தட்டுவது நின்றது.

போன மாதம் இந்தக் கதையை முதல்முறையாக அவனிடம் முழுக்கப் பேசினேன். குளத்தில் எறிந்ததைச் சொன்னதும் என்னையே பார்த்தான். பர்ஸைத் திறந்து பாதிக் காசை எடுத்து மேசையில் வைத்தான்.

"இன்னொரு பாதியாடா?"

"இல்ல, அத கோயில்லயே போட்டாச்சு. வீட்டுக்குக் கொண்டு வந்தது இது ஒண்ணுதான். மறுநாள் காலைல பாக்ஸுக்குள்ளயே இருந்துச்சு. நீதான் திரும்ப வச்சேன்னு நெனச்சேன்."

அவனும் அந்தக் குளத்துக்குள் கிரிக்கெட் ஆடியவன்தான். கண்ணில் பட்டு எடுத்து வந்திருக்கலாம். அதைத்தான் கேட்க வாயெடுத்தேன், கரண்ட் போய்விட்டது.

"அக்கா," என்றான் இருட்டுக்குள். "இப்ப எனக்கும் கேக்குது."