சீர்த்தட்டோட ஒரு நடைவண்டி

குழு: நம்ம வீடு பாம்பன்

வெள்ளிக்கிழமை

நான்: எல்லாருக்கும் ஒரு சேதி. வைகாசியில பாப்பாவுக்குக் காதுகுத்து. தாய்மாமன் சீர்ல தோடு, பட்டுப்பாவாடை, பழத்தட்டு எல்லாம் வழக்கம்போல வந்துரும். அதோட என் கையால ஒரு நடைவண்டி செஞ்சு கொண்டாரப் போறேன். மீன்பிடித் தடைக்காலம், படகு கரையில கெடக்கு. ஜூன் 14 வரைக்கும் கை சும்மாதான இருக்கு.

அக்கா மதுரை: நெசமாவாடா 😂 ஸ்கூல்ல நீ செஞ்ச ஸ்டூல் இன்னும் ஆடிக்கிட்டுத்தான் கெடக்கு

அத்தான் துபாய்: மாப்ள எதுக்குச் சிரமம். இங்க சூப்பரா வாக்கர் இருக்கு. நடுவுல உக்கார வச்சா போதும், பாட்டுப் பாடும், லைட் எரியும். வரும்போது தூக்கிட்டு வந்துர்றேன்.

நர்ஸ் மதினி: அண்ணே அது வேண்டாம். உக்கார்ற வாக்கர்ல புள்ள நடக்கப் பழகாது, நுனிக்கால்ல உந்தி உந்தி ஓடத்தான் பழகும். படி, அடுப்பு, வெந்நி, எல்லாத்துக்கிட்டயும் கண் மூடித் திறக்குறதுக்குள்ள போய் நிக்கும். கனடாவுல 2004லயே விக்கக் கூடாதுன்னு தடை போட்டுட்டாங்க. நம்ம நடைவண்டி அப்படி இல்ல. புள்ள தன் கால்ல நின்னு பின்னாலருந்து தள்ளுது.

அத்தான் துபாய்: இங்க கடை முழுக்க அடுக்கி வச்சிருக்கானே

நர்ஸ் மதினி: அடுக்கி வச்சதெல்லாம் நல்லதுன்னா எனக்கு ஆஸ்பத்திரியில என்னண்ணே வேலை. அந்த லைட்டுக்குள்ள பொத்தான் மாதிரி பேட்டரி இருக்கலாம், அதையும் பாருங்க. முழுங்கிட்டா உணவுக்குழாய்ல ஒட்டிக்கிட்டு 2 மணி நேரத்துல பொசுக்கிரும்.

அத்தான் துபாய்: சரித்தா. வாக்கர் கேன்சல்.

அம்மா: கடையில வாங்குனா நாலு பேரு எவ்வளவுன்னு கேப்பாக கையால செஞ்சா மாமன்காரன் காசு மிச்சம் புடிக்கிறான்னு சொல்லுவாக

நான்: சொன்னா சொல்லட்டும்மா

அம்மா: நீ சொல்லிருவ காதுல வாங்குறது நான்

மண்டபம் மாமா: அது கெடக்கட்டும் மருமகனே. மரம் எது?

நான்: அதான் மாமா உங்கள்ட்ட கேக்கலாம்னு. தாத்தாவோட பழைய வத்தைப் படகுப் பலகை கொட்டகையில சாத்திக் கெடக்குல்ல, அதுலயே அடிச்சிருவோம்னு பாக்குறேன்.

நான்: [படம்]

அக்கா மதுரை: ஐயோ அழகா இருக்குடா. அந்த நீலப் பெயிண்ட சுரண்டாத, அப்படியே இருக்கட்டும். இன்ஸ்டால இப்பல்லாம் இப்படித்தான் பழசு தெரியுற மாதிரி போடுறாங்க

மண்டபம் மாமா: அந்த நீலம்தான் ஆகாதுங்கிறேன். அது எத்தன கோட்டுன்னு எனக்குத் தெரியும், பாதி நான் அடிச்சது. பழைய எனாமல்ல ஈயம் இருக்கும். வீட்டுக்கு அடிக்கிற பெயிண்ட்ல பத்து லட்சத்துல 90 பங்குக்கு (90 பிபிஎம்) மேல ஈயம் கூடாதுன்னு 2016ல விதி போட்டு, அது அமலுக்கு வந்ததே 2017 நவம்பர்ல. உங்க தாத்தா வத்தை அதுக்கெல்லாம் ரொம்ப முந்தி. அடிப்பக்கம் சிப்பி, பாசி ஒட்டாம இருக்க அடிச்சது இன்னும் மோசம். உசுரு ஒட்டக் கூடாதுன்னுதான அத அடிக்கிறதே. பல்லு முளைக்கிற புள்ள மொதல்ல கடிக்கிறது கைப்பிடியத்தான்.

மண்டபம் மாமா: இவன் அக்காளுக்குக் காது குத்துனப்ப என் மடியிலதான் உக்கார வச்சாக. ஆசாரி ஊசிய எடுக்கும் முன்னாடியே என் கைய கடிச்சு வச்சவ.

அக்கா மதுரை: மாமா அத எத்தன வருசத்துக்குச் சொல்லுவீங்க

நான்: உப்புத்தாள் போட்டுத் தேச்சு எடுத்துட்டா மாமா?

மண்டபம் மாமா: அந்தத் தூசிதான் கெடுதலே. முத்தத்துல உக்காந்து தேச்சா தரையெல்லாம் படியும், புள்ள அதுலதான் தவழும். இதுபோக, பலகைக்குள்ள ஒடிஞ்ச ஆணி எத்தன கெடக்குன்னு ரம்பம் போட்டாத்தான் தெரியும்.

நர்ஸ் மதினி: மாமா சொல்றது சரி தம்பி. ஈயம் உடம்புல சேந்தா வெளிய ஒண்ணுமே தெரியாது. மூளை வளர்ச்சியப் போய்ப் பிடிக்கும்.

நான்: அப்ப தாத்தா துடுப்பு? அதுல பெயிண்டே கெடையாது. கைப்பிடிக்கு மட்டும் எடுத்துக்கிட்டா

அம்மா: துடுப்புல ரம்பத்த வச்ச வீட்டுக்குள்ள வராத

அக்கா மதுரை: 😂😂

மண்டபம் மாமா: அந்தப் பேச்ச விட்ரு. எங்கிட்ட பூவரசு இருக்கு. புயல்ல சாஞ்சது, பலகையா அறுத்து நெழல்ல அடுக்கி வச்சது. ஒரு இஞ்சு கனம் காய ஒரு வருசம்னு கணக்கு, அது நல்லாவே காஞ்சிருச்சு. லேசுல வெடிக்காது. பச்சை மரத்துல செஞ்சா நம்ம ஊரு ஈரக்காத்துல இறுக்கமாத்தான் இருக்கும், மதுரை வெயிலுக்குப் போனதும் சுருங்கி மூட்டெல்லாம் லொடலொடன்னு ஆயிரும். வந்து எடுத்துக்க.

சனிக்கிழமை

நான்: மாமா சக்கரத்துக்கு உருட்டுக்கட்டையவே குறுக்க அறுத்துக்கிறவா? வட்டம் தானா கெடைக்கும்ல

மண்டபம் மாமா: கூடாது. நடுவுலருந்து விளிம்பு வரைக்கும் வெடிச்சுப் பொளந்துரும். பலகையில வட்டம் போட்டு அறு. பின் சக்கரம் ரெண்டும் 5 இஞ்சு, முன்னால உள்ளது 4. அச்சுக்கு இரும்பு போல்ட்டு வேண்டாம், எஸ்.எஸ். (துருப்பிடிக்காத ஸ்டீல்) போடு. நம்ம கரையில வைக்கிற சாமான்னா 316 ரகம்னு கேட்டு வாங்கச் சொல்லுவேன், உப்புக்காத்துல 304லயே நாள்பட புள்ளி விழும். இது மதுரைக்குப் போறதுதான, 304 போதும்.

நான்: உசரம் எவ்வளவு வைக்க?

மண்டபம் மாமா: என்னையக் கேட்டா? புள்ளைய நிறுத்தி அளக்கச் சொல்லு உங்க அக்காள.

அக்கா மதுரை: சுவத்தப் பிடிச்சு நிக்க வச்சு அளந்தேன். தரையிலருந்து நெஞ்சுக்குக் கீழ 17 இஞ்சு வருது. டேப்ப வாயில வச்சுட்டா

நர்ஸ் மதினி: பாத்தியா தம்பி, எது கையில கெடைச்சாலும் அங்கதான் போகும்

மண்டபம் மாமா: 17 சரிதான். கைப்பிடி முக்கால் இஞ்சு கனத்துக்கு மேல போகாம உருட்டி இழைச்சுக்க, அந்தக் கைக்கு அதுக்கு மேல பிடி கெடைக்காது.

மண்டபம் மாமா: இப்பச் சொல்றத நல்லாக் கேட்டுக்க. பழைய நடைவண்டியெல்லாம் மண்தரைக்குச் செஞ்சது. மண்ணே சக்கரத்தப் பிடிச்சுக்கிரும். அக்கா வீடு டைல்ஸ். தொட்டாலே வண்டி முன்னால பறக்கும், புள்ள குப்புற விழும். அதனால பழைய சைக்கிள் ட்யூப வளையமா அறுத்து சக்கரத்து மேல மாட்டு. போல்ட்டயும் இறுக்கி வை. சக்கரத்தச் சுண்டிவிட்டா அரைச் சுத்துல நின்றணும், அதத் தாண்டுனா இன்னும் இறுக்கு. நல்லா நடக்க ஆரம்பிச்ச பெறகு தளத்திக்கிறலாம்.

மண்டபம் மாமா: இதவிட முக்கியம் ஒண்ணு இருக்கு. புள்ள வண்டியத் தள்ளுறதுக்கு முந்தி அதப் பிடிச்சுத்தான் எந்திரிக்கும். கைப்பிடியத் தன் பக்கம் இழுக்கும். கைப்பிடி பின் சக்கரத்துக்கு நேர் மேலயோ, அதுக்குப் பின்னாலயோ இருந்தா முன் சக்கரம் தூக்கிக்கிட்டு மொத்த வண்டியும் புள்ள மேலயே சாஞ்சுரும். அதனால கைப்பிடிக்காலை பின் அச்சுக்கு நாலு இஞ்சு முன்னால நிறுத்து. முன்பக்கம் அடியில கனமா ஒரு வேப்பங்கட்டைய வை. பின் சக்கரம் ரெண்டுக்கும் நடுவுல 15 இஞ்சு அகலம் விடு, ஒரே நீளக் கம்பி போடாத, தனித்தனி போல்ட்டு. நடுவுல கம்பி போனா கணுக்கால்ல தட்டும்.

அத்தான் துபாய்: மாமா இதுல இம்புட்டு இருக்கா! நான் மூணு சக்கரம் ஒரு குச்சின்னு நெனச்சேன்

மண்டபம் மாமா: படகையும் அப்படித்தான் நெனச்சிருப்பீக மாப்ள

சாயல்குடி சின்னம்மா: தம்பி பாப்பாவுக்கு நான் ஓலையில கிலுகிலுப்பை முடைஞ்சு தாரேன் குருத்தோல காயப் போட்டிருக்கேன் உள்ள போட குன்றிமணியும் டப்பாவுல இருக்கு

நர்ஸ் மதினி: சின்னத்தை குன்றிமணி வேண்டவே வேண்டாம். அந்த விதை விஷம். கடிச்சு உடைச்சிட்டா உசுருக்கே ஆபத்து. எச்சில் பட்டு ஓலை பிரிஞ்சா நேரா வாய்க்குத்தான் போகும்.

சாயல்குடி சின்னம்மா: எங்க ஆத்தா எங்களுக்கெல்லாம் அதத்தான போட்டுக் குடுத்தா நாங்க என்ன செத்தா போனோம்

நர்ஸ் மதினி: நீங்க இருக்கீக சின்னத்தை. இல்லாதவுக குரூப்புல வந்து பதில் போட முடியாதுல்ல.

அக்கா மதுரை: 🙊

சாயல்குடி சின்னம்மா: இந்தப் பேச்சுக்குத்தான் உன்னைய நர்ஸாக்கி விட்டாக சரி நாலு பச்சரிசி போடுறேன் சத்தம் கம்மியாத்தான் வரும் சாயமும் போடல வெள்ளோலையே இருக்கட்டும் ஈர்க்க உரிச்சுட்டுத்தான் முடைவேன் கீறாது முனைய மூணு கண்ணு உள்ள திருப்பிச் சொருகிருவேன் புடிச்சு இழுத்தாலும் வராது

அக்கா மதுரை: சின்னம்மா சூப்பர். தம்பி, வாசல்ல தொங்க விட சிப்பியும் பவளக்கல்லும் கோத்து ஒரு தோரணம் பண்ணேன்

நான்: பவளம் கரையில ஒதுங்கிக் கெடந்தாலும் எடுக்கக் கூடாதுக்கா. வனவிலங்குச் சட்டத்துல வருது. மன்னார் வளைகுடாவுல பொறந்துட்டு உனக்குத் தெரியாதா. சீர் கொண்டு வர்ற மாமன ஃபாரஸ்ட்காரங்க கொண்டு போயிருவாங்க.

அக்கா மதுரை: சரி சிப்பியும் வேண்டாம், அத்து விழுந்தா பாப்பா எடுத்து முழுங்கிருவா

ஞாயிற்றுக்கிழமை

அக்கா மதுரை: [குரல் பதிவு]

அக்கா மதுரை: கேட்டியா? மூத்தவன் அழுகுறான். தங்கச்சிக்கு மட்டும் வண்டியாம். எனக்கு ஒண்ணுமில்லையா மாமான்னு காலையிலருந்து இதே பாட்டு

நான்: மருமகனுக்கு இல்லாமயா. உக்காந்து படம் போட ஒரு சின்ன மேசையும் நாற்காலியும் செஞ்சிருவோம். மாமா, நாலு வயசுக்கு என்ன அளவு?

மண்டபம் மாமா: வயசுக்கு அளவு கெடையாது. செருப்பில்லாம படியில உக்கார வச்சு, பாதம் முழுசாத் தரையில பதிய, தரையிலருந்து முழங்கால் மடிப்பு வரைக்கும் அளக்கச் சொல்லு.

அக்கா மதுரை: 11 இஞ்சு மாமா

மண்டபம் மாமா: உக்கார்ற பலகை 11. மேசை அதுக்கு மேல 8 வச்சு 19. நாற்காலிக்காலை வெளிப்பக்கமாக் கொஞ்சம் சாச்சு நிறுத்து, பயல் எப்படியும் பின்னால சாஞ்சு ஆடத்தான் செய்வான். மேசை மூலைக்கு ஒரு டம்ளரக் கவுத்தி கோடு போட்டு வளைவா அறுத்துரு. விழுந்தா கூர் மூலை நெத்தியில குத்திரும்.

தூத்துக்குடி அண்ணன்: தம்பி எங்க குடோன்ல பழைய பேலட் (சரக்கு அடுக்குற மரத்தட்டு) குமிஞ்சு கெடக்கு. ஓசிதான். அனுப்பவா?

மண்டபம் மாமா: கட்டையில முத்திரை இருக்கும் பாருங்க தம்பி. ஹெச்.டி.ன்னு இருந்தா சூட்டுல பதப்படுத்துனது, எடுக்கலாம். எம்.பி.ன்னு இருந்தா மீத்தைல் புரோமைடுங்கிற பூச்சிமருந்துப் புகை போட்டது, தொடாதீங்க. முத்திரையே இல்லாததும் வேண்டாம்.

தூத்துக்குடி அண்ணன்: [படம்]

தூத்துக்குடி அண்ணன்: ஹெச்.டி. இருக்கு மாமா. ஆனா மேல என்னமோ எண்ணெய் கொட்டி ஊறிருக்கு. வாடையும் அடிக்குது

மண்டபம் மாமா: என்ன எண்ணெய்னு தெரியாத கட்டை புள்ளைக்கு வேண்டாம். இங்க வேப்பம்பலகை மிச்சம் இருக்கு, அதுல முடிச்சிருவோம்.

புதன்கிழமை

நான்: [படம்]

நான்: வண்டி நின்னுருச்சு. கைப்பிடியில 5 கிலோ அரிசிப் பையத் தொங்க விட்டுப் பாத்தேன், முன் சக்கரம் எந்திரிக்கல.

அக்கா மதுரை: டேய்!!! நெசமாவே வண்டி மாதிரி இருக்குடா

மண்டபம் மாமா: தொங்க விட்டா நேர் கீழதான் இழுக்கும். கயிறு கட்டிப் பின்பக்கமா இழுத்துப் பாத்தியா?

நான்: ஓங்கி வெடுக்குன்னு இழுத்தாத்தான் லேசா தூக்குது மாமா

மண்டபம் மாமா: இன்னொரு கட்டை வை. புள்ள வெடுக்குன்னுதான் இழுக்கும்.

தூத்துக்குடி அண்ணன்: வார்னிஷ் அடிக்காத தம்பி. லின்சீட் ஆயில் போடு, பளபளன்னு இருக்கும்

மண்டபம் மாமா: கடையில காய்ச்சுனதுன்னு விக்கிற லின்சீட்ல சீக்கிரம் காய மருந்து கலந்திருப்பான். கடிக்கிற சாமானுக்கு அது எதுக்கு. அத மேசைக்கால்ல பூசுனாக்கூட, தொடச்ச துணியச் சுருட்டி மூலையில போட்டுறாத. தானாச் சூடேறிப் பத்திக்கிரும். விரிச்சுக் காயப் போடு, இல்ல தண்ணியில முக்கிரு. வண்டிக்குத் தேங்காயெண்ணெய்ல தேன்மெழுகு உருக்கித் தேய்ச்சா போதும். வெந்நிச் சட்டிக்குள்ள கிண்ணத்த வச்சு உருக்கு, நேரா அடுப்புல வைக்காத. கலர் வராது, பரவால்ல.

அம்மா: கலர் இல்லாமலா சபையில வைக்கிறது ஒரு பூச்சரமாவது சுத்துவோம்

நர்ஸ் மதினி: சுத்துங்க அத்தை. போட்டோ எடுத்ததும் அவுத்துருவோம், நாரு பாப்பா வாய்க்குப் போகக் கூடாது.

அம்மா: தட்டு 21ன்னு பேசியிருக்கு வண்டியவும் மேசையவும் சேத்தா எத்தன வருது

அக்கா மதுரை: வண்டி ஒண்ணு, மேசை நாற்காலி ஒரு செட்டு. 23ம்மா

அத்தான் துபாய்: மேசை வேற நாற்காலி வேறல்ல அத்தை? 24

அம்மா: ரெட்டப்படை ஆகாது மாப்ள

சாயல்குடி சின்னம்மா: நான் ஒரு ஓலைக் கொட்டான் நெறைய கருப்பட்டி கொண்டாரேன்க்கா 25 ஆயிரும்

நான்: மேசை மூத்தவனுக்கும்மா. பாப்பா சீர்ல அத எப்படி எண்ணுறது

அம்மா: மாமன் வந்த சபையில அவன் மூஞ்சியத் தூக்கிக்கிட்டு நின்னா நீயா சமாதானம் பண்ணுவ எண்ணு

தூத்துக்குடி அண்ணன்: குட்டியானை வண்டிக்குச் சொல்லியாச்சு சித்தி. வெள்ளன 4 மணிக்கு வாசல்ல நிக்கும்

மண்டபம் மாமா: மேசை மேல வாழைத்தார ஏத்திராதீங்க. கறை பட்டா போகாது.