அரசியல் படம் பார்த்துச் சனத்தின் கருத்து மாறுமா? மாறினால் எப்படி அளப்பது?

வடலி:
வணக்கம். யாழ்ப்பாணத்துச் சனசமூக நிலையம் ஒன்றில் மாதம் ஒரு அரசியல் படம் போட்டு, முடிந்ததும் ஒரு மணித்தியாலம் கதைக்கிறதாகத் திட்டம். ஆறு மாதம், ஆறு படம். ஆட்சி, தடுப்புக்காவல், கருத்துச் சுதந்திரம் என்பவைதான் பொருள். ஒரு தடவைக்கு 60 பேரளவில் வருவினம்.

நிர்வாகக் குழுவுக்குள் இழுபறி. “வாறவை ஏற்கெனவே அந்தக் கருத்தோடதான் வருவினம், காசு வீண்” என்கிறது ஒரு பகுதி. “தமிழ்நாட்டில ஆட்சியையே படம் மாத்தேல்லையோ” என்கிறது மற்றப் பகுதி. ஆதாரம் எந்தப் பக்கம் நிற்கிறது? மாற்றம் வந்ததா என்பதைக் காசு செலவில்லாமல் அளக்க ஏலுமா?

கொக்குவில் வாசகர்:
இரண்டு பகுதியும் “கருத்து” என்று எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கதைக்கினம். பிரித்துப் பார்க்க வேணும். தகவலறிவு படத்தால் நிச்சயம் கூடும். குறிப்பான ஒரு விடயத்தில் நிலைப்பாடு சில வேளை மாறும். அரசாங்கத்தை நம்பலாமா, சுதந்திரம் பெரிதா ஒழுங்கு பெரிதா என்ற அடிநம்பிக்கை ஒரு படத்தோடு அசைவது அரிது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க இராணுவம், ஏன் போரிடுகிறோம் என்று விளக்கும் படத்தொடரைத் தன் படையினருக்குக் காட்டியது. கார்ல் ஹோவ்லண்டும் கூட இருந்த ஆய்வாளர்களும் அதன் விளைவைச் சோதித்து 1949இல் நூலாக்கினார்கள். பிரித்தானியா மீதான விமானப்போரைப் பற்றிய படத்தைப் பார்த்தவர்களுக்குத் தகவல் நன்றாக ஏறியிருந்தது. அந்தப் போர் பற்றிய சில கருத்துகளும் மாறியிருந்தன. போரிடும் மனவுறுதி மட்டும் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருந்தது. படம் எடுத்ததே அதற்காகத்தான். இன்னொன்றையும் கவனியுங்கள்: சில கேள்விகளில் 5 நாளில் தெரிந்ததை விட 9 வாரத்தில் மாற்றம் கூடுதலாகத் தெரிந்தது. படம் முடிந்த கையோடு மட்டும் கேட்டால் அதைத் தவறவிடுவீர்கள்.

மறுபக்கச் சான்றும் உண்டு, கொஞ்சம் பயங்கரமானது. கறுப்பின மக்களை இழிவாகக் காட்டும் 1915ஆம் ஆண்டுப் படமான ‘த பேர்த் ஒஃப் எ நேஷன்’ இலினோய் மாநிலத்துச் சிற்றூர் மாணவர்களுக்குக் காட்டப்பட்டது. பீற்றர்சனும் தேர்ஸ்ரனும் 1933இல் வெளியிட்ட முடிவு: வெறுப்புத் தெளிவாகக் கூடியது, ஐந்து மாதத்துக்குப் பிறகும் அதில் பெரும்பகுதி தங்கியிருந்தது. அந்த ஊரில் கறுப்பின மக்கள் இல்லாத அளவுக்குக் குறைவு. ஒப்பிட்டுப் பார்க்கச் சொந்த அனுபவம் இல்லாத மனதில் படம் சொன்னதே முழு உண்மையாகிவிடும்.

இதை எங்கட ஊருக்குப் பொருத்திப் பாருங்கோ. தடுப்புக்காவலைப் பற்றி இங்கே வீட்டுக்கு வீடு அனுபவம் இருக்கு. அதில் படம் புதிதாக எதையும் மாற்றாது. மலையகத் தொழிலாளரின் காணி உரிமை, தென்பகுதிச் சிங்களக் கிராமத்தின் வறுமை, வேறு நாட்டு ஆட்சிமுறை என்றால் இடம் வெறுமையாக இருக்கு, விளைவும் கூட. படத்தைத் தெரிவு செய்யும் ஆளுக்குப் பொறுப்பும் அங்கேதான் கூட.

பார்த்தவர் சோர்ந்துபோகும் ஆபத்தும் உண்டு. கென்னடி கொலையைப் பற்றிய 1991ஆம் ஆண்டுப் படத்தைப் பார்த்தவர்களிடம் கோபமும் சதி என்ற நம்பிக்கையும் கூடின. ஆனால் வாக்களிக்கவோ அரசியலுக்குப் பங்களிக்கவோ இருந்த எண்ணம் குறைந்தது. சிம்பார்டோவும் இணை ஆய்வாளர்களும் 1995இல் வெளியிட்டது. அதே படம் எழுப்பிய சர்ச்சையின் பேரில் 1992இல் அமெரிக்காவில் கொலை ஆவணங்களைத் திறந்துவிடும் சட்டம் வந்தது. ஆகவே பார்வையாளர் மனமும் அரசின் நடவடிக்கையும் இரண்டு தனிக் கணக்கு.

சதவீதம்:
அளக்கிற விடயத்தை நான் சொல்கிறேன். ஒரே ஆளிடம் படத்துக்கு முன்னும் பின்னும் கேட்கிற வழமையான முறையை விடுங்கள். முன்னால் கேட்ட கேள்வியே “இதைத்தான் எதிர்பார்க்கினம்” என்று ஆளுக்குக் காட்டிக்கொடுத்துவிடும்.

வாசலில் 1 முதல் 60 வரை எண் எழுதிய துண்டுகளை ஒரு பெட்டியில் கலக்கி வையுங்கள். வருகிறவர் தானே எடுக்கட்டும். ஒற்றை எண் வந்தவர் படத்துக்கு முன் படிவம் நிரப்புவார், இரட்டை எண் வந்தவர் படம் முடிந்து, கலந்துரையாடல் தொடங்க முன். எல்லாரும் விரும்பி வந்த ஒரே கூட்டம்தான், குலுக்கலில் பிரிந்தவர்கள். அதனால் “ஏற்கெனவே அந்தக் கருத்தோடு வந்தவை” என்ற பிரச்சினை ஒப்பீட்டைக் கெடுக்காது.

கெட்டுப்போகும் இடங்கள்: பிந்தி வருகிறவர் ஒற்றை எண் எடுத்தால் முன் நிரப்ப ஏலாது, அந்தக் குழு மெலியும். படம் தொடங்கியதும் பெட்டியை மூடுங்கள், பிந்தியவரைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அலுத்து இடையில் போகிறவர் இரட்டை எண் என்றால், வாசலிலேயே படிவத்தை நிரப்ப வையுங்கள். அவரை விட்டால் பிடித்தவர்களின் விடைதான் மிஞ்சும்.

படிவம் அரைப்பக்கம், ஆறு கேள்வி. கருத்துக் கேள்வி இரண்டு முதலில், தகவல் கேள்வி மூன்று பிறகு. கடைசியாக “உங்கள் ஊரில் 10 பேரில் எத்தனை பேர் இதை ஏற்பார்கள்?” என்று ஒன்று. “அரசாங்கத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்” என்று கேட்டால் வருகிறது வெறும் பெருமூச்சு. “நீதவான் முன் நிறுத்தாமல் ஒருவரை 72 மணித்தியாலம் வைத்திருப்பது சரி” என்று எழுதி, முழுதும் உடன்பாடு முதல் முழுதும் மறுப்பு வரை ஐந்து கட்டம் போடுங்கள். தகவலுக்கு: பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் தடுப்புக் கட்டளையில் ஒருவரை ஆகக் கூடியது எவ்வளவு காலம் வைத்திருக்கலாம்? 18 மாதமாக இருந்தது, 2022 திருத்தத்தோடு 12 மாதம். பலர் பழைய எண்ணைத்தான் எழுதுவினம்.

எண்ணிக்கை விடயத்தில் ஏமாற வேண்டாம். குழுவுக்கு 30 பேர் என்றால் ஏறத்தாழ 25 சதவீதப் புள்ளிக்குக் குறைந்த வித்தியாசம் தற்செயலாகவும் வரும். ஆறு படத்தையும் கூட்டிக் குழுவுக்கு 180 பேர் ஆனால் அது 10 புள்ளியளவுக்கு இறங்கும். ஆனால் ஒவ்வொரு மாதமும் வருகிற அதே ஆள் ஆறு ஆளாக மாட்டார். முதல் தடவை நிரப்பியதை மட்டும் எண்ணுங்கள்.

வடலி:
நன்றி. ஒரு பயம்: இப்படியான கேள்வியை எழுத்தில் கேட்டால் இங்கே சனம் உண்மையை எழுதுமோ?

சதவீதம்:
பெயர், முகவரி, தொலைபேசி எதுவும் கேட்காதீர்கள். தாயின் பிறந்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம், பாட்டியின் பெயரின் முதலெழுத்து, சொந்தப் பிறந்த திகதி, மூன்றையும் சேர்த்து ஒரு குறியீடு. அடுத்த முறை அவரே அதைத் திரும்ப எழுதுவார், உங்களுக்கு ஆள் யாரென்று தெரியாது. எல்லாருக்கும் ஒரே மாதிரிப் பென்சில், பூட்டிய பெட்டி. குழுத் தலைவர் பக்கத்தில் நிற்கக் கூடாது. அதே ஆறு கேள்வியை இரண்டு மாதம் கழித்து வருகிற திரையிடலில் கொடுத்தால் ஹோவ்லண்ட் கண்ட பிந்திய மாற்றமும் பிடிபடும்.

ஆலடி:
தமிழ்நாட்டு உதாரணத்தை நிர்வாகக் குழு அரைகுறையாகப் பிடித்திருக்கிறது. ‘பராசக்தி’ வந்தது 1952, திமுக ஆட்சி பிடித்தது 1967. இடையில் பதினைந்து வருடம். அந்தப் பதினைந்து வருடத்தில் ஊர்தோறும் படிப்பகம், மேடைப்பேச்சு, ரசிகர் மன்றம், 1965இன் இந்தி எதிர்ப்புப் போராட்டம், அரிசித் தட்டுப்பாடு, ராஜாஜியின் சுதந்திராக் கட்சியோடு கூட்டு. படம் வசனத்தைக் கொடுத்தது, அதை ஊர் வாயில் நிலைக்க வைத்தது அமைப்பு. எம்.ஜி.ஆர். 1977இல் முதல்வரானதும் அந்த மன்றங்களின் வலையில் நின்றுதான்.

அண்மைய சான்று வேண்டுமென்றால் பிரித்தானிய அஞ்சல் நிலைய விவகாரம். பிழையான கணினி முறையை நம்பி 900க்கு மேற்பட்ட துணை அஞ்சலதிபர்கள் குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். 2024 சனவரியில் நான்கு பகுதித் தொலைக்காட்சி நாடகம் வந்தது, மே மாதமே தண்டனைகளை நீக்கும் சட்டம் நிறைவேறியது. ஆனால் பத்திரிகை 2009இலேயே எழுதிவிட்டது, 2019இல் நீதிமன்றத் தீர்ப்பு வந்துவிட்டது, விசாரணை ஆணையமும் நடந்துகொண்டிருந்தது. ஆதாரம் அடுக்கி முடிந்திருந்தது, கேட்டதும் ஒரே ஒரு தெளிவான விடயம். அதனால்தான் இத்தனை வேகம். காணாமலாக்கப்பட்டோர் விடயத்தில் படம் போடுகிறவர்கள் இதை ஆழமாக யோசிக்க வேணும்: படம் முடிகிற நிமிடத்தில் பார்த்தவர் அரசிடம் கேட்க வேண்டியது என்ன என்று ஒரே வசனத்தில் சொல்ல முடியுமா?

இன்னொரு எச்சரிக்கை. அல்ஜீரிய விடுதலைப் போரைப் பற்றிய 1966ஆம் ஆண்டுப் படத்தை விடுதலை இயக்கங்கள் பாடமாகப் பார்த்தன. அதே படத்தை 2003இல் அமெரிக்கப் பாதுகாப்புத் தலைமையகமும் ஈராக்கை மனதில் வைத்துத் திரையிட்டது. பார்க்கிறவர் கொண்டு வருகிற கேள்விதான் படத்தின் பொருளைத் தீர்மானிக்கும்.

தீவான்:
வடலி, உங்கட ஒரு மணித்தியாலக் கதைப்பைத்தான் நான் படத்தை விடப் பெரிதாக நினைக்கிறேன். ருவாண்டாவில் சமாதானத்தை வலியுறுத்தும் வானொலி நாடகத்தைக் குழுவாகக் கேட்க வைத்து ஒரு வருடம் தொடர்ந்தார் எலிசபெத் லெவி பாலக், 2009இல் முடிவு வெளிவந்தது. தனிப்பட்ட நம்பிக்கை பெரிதாக மாறவில்லை. மற்றவர்கள் எதைச் சரியென்று நினைக்கிறார்கள் என்ற எண்ணம் மாறியது, நடத்தையும் சேர்ந்து மாறியது. சதவீதம் போட்ட ஆறாவது கேள்வி அதனால்தான் முக்கியம்.

60 பேரை ஒரே வட்டமாக இருத்தினால் நாலு பேர்தான் கதைப்பினம். எட்டு, பத்துப் பேராகப் பிரியுங்கள், இளையவர் முதலில் கதைக்கட்டும். முதல் 15 நிமிடம் படத்தில் கண்டது மட்டும்; பிறகுதான் நாட்டு நிலைமை. நேரே அரசியலில் இறங்கினால் கட்சிப் பேச்சாகிவிடும், கட்சிக்காரர் அல்லாதவர் வாயை மூடிவிடுவினம்.

பொதுத் திரையிடலுக்குத் தணிக்கைச் சான்றிதழும் உரிமையாளரின் எழுத்து அனுமதியும் வேணும், முதல் படத்துக்கு இரண்டு மாதம் முந்தியே தொடங்குங்கோ. போரைப் பற்றிய பிரசன்ன விதானகேயின் சிங்களப் படம் ‘புரஹந்த களுவர’ 2000இல் தடுக்கப்பட்டு, உயர் நீதிமன்றம் போய்த்தான் திரைக்கு வந்தது. தடை அரசிடமிருந்து மட்டும் வரும் என்றும் நினைக்க வேண்டாம். 2018இல் யாழ்ப்பாணச் சர்வதேசத் திரைப்பட விழாவின் நிரலில் இருந்து, தமிழ் இயக்கங்களுக்குள் நடந்த வன்முறையையும் பேசும் ‘டீமன்ஸ் இன் பரடைஸ்’ ஆவணப்படம் எடுக்கப்பட்டது எங்கட சமூகத்துக்குள் எழுந்த எதிர்ப்பால். சுதந்திரம் பற்றிய தொடரில் அதையும் ஒரு மாதத்துக்குப் பேச்சாக எடுக்க வேணும் என்பது என் கருத்து.

வாசலில் தகவலறியும் உரிமைச் சட்ட விண்ணப்பப் படிவம் 60 பிரதி வையுங்கோ. 2016இன் 12ஆம் இலக்கச் சட்டம், 14 வேலைநாளுக்குள் தகவல் அதிகாரி முடிவு சொல்ல வேணும். எத்தனை படிவம் குறைந்தது, எத்தனை பேர் உண்மையில் அனுப்பினவை என்று எண்ணினால் மனமாற்றத்தை விட உறுதியான கணக்கு கிடைக்கும். பிரதேச சபைக்கு அனுப்பக்கூடிய மாதிரிக் கேள்வி இரண்டை நிரப்பி மேலே ஒட்டிவிடுங்கோ, வெறும் படிவத்தைச் சனம் எடுத்து மடித்து வைத்துவிடும்.