ஓட்டை போட்ட திராட்சைப் பெட்டியா, மூடி போட்ட டப்பாவா?

நங்கநல்லூர்_தாத்தா:
வங்கியில் கணக்கு பார்த்து ஓய்வு பெற்றவன். அந்தப் புத்தி இன்னும் போகவில்லை. போன வாரம் தெருமுனைக் கடையில் விதையில்லாத பச்சைத் திராட்சை, அரை கிலோ பெட்டி, இரண்டு வாங்கினேன். ஒன்றை அந்த ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பெட்டியோடு அப்படியே ஃப்ரிட்ஜில் வைத்தேன். மற்றதை என் மனைவி கழுவி, இறுக்கமான மூடி உள்ள டப்பாவில் போட்டு வைத்தாள்.

ஐந்தாம் நாள் நிலவரம். என் பெட்டி சமையலறைத் தராசில் 500 கிராமிலிருந்து 486. காம்பெல்லாம் பழுப்பு, பழம் கொஞ்சம் தொய்வு, ருசியில் குறையில்லை. அவள் டப்பாவில் காம்பு பச்சை, பழம் பளபள. ஆனால் மூடியைத் திறந்ததும் லேசாகக் கள் வாடை. அடியில் மூன்று பழத்தில் சாம்பல் பூத்திருந்தது.

"உங்க பெட்டி வாடிப் போச்சு" என்கிறாள். "உன்னுது கெட்டே போச்சு" என்கிறேன். விஷயம் தெரிந்தவர்கள் தீர்ப்பு சொல்லுங்கள்.

கோயம்பேடு_கடை:
ஐயா, அம்மா பக்கமும் பாதி நியாயம் இருக்கிறது. சரக்கு எடுக்கும்போது நாங்கள் பழத்துக்கு முன்னால் காம்பைத்தான் பார்ப்போம். பச்சையாக இருந்தால் வழியில் அதிகம் சூடுபடாத சரக்கு. அப்புறம் பெட்டியைத் தூக்கி அடியைப் பார்ப்போம். முத்து முத்தாகத் தண்ணீர் நின்றால் வேண்டாம். நாசிக்கிலிருந்து குளிரில் வந்ததை நம்ம ஊர்ப் புழுக்கத்தில் இறக்கி வைத்தால் பெட்டிக்குள் வேர்த்துவிடும். பழத்தின் மேல் வெள்ளையாகப் படர்ந்திருப்பது பெரும்பாலும் அதன் சொந்த மெழுகு. அதைத் துடைக்காமல் வையுங்கள். சாப்பிடும்போது கழுவிக்கொள்ளலாம்.

பழைய_லேப்_ஆள்:
பறித்த பிறகும் பழம் மூச்சு விடும் சார். சர்க்கரையை எரித்து, கரியமில வாயுவையும் நீரையும் சூட்டையும் வெளியே தள்ளும். பத்து டிகிரி கூடினால் அந்த வேகம் இரண்டு மூன்று மடங்கு. ஓட்டை இருப்பது குளிர்காற்று உள்ளே போக, நீராவி வெளியே வர. உங்கள் 14 கிராம் அப்படிப் போன தண்ணீர்தான். காம்பு முதலில் காயும், பழம் பிறகு தொய்யும். பார்க்க நன்றாக இராது, சாப்பிடலாம்.

டப்பாவில் கழுவின ஈரமும் சேர்ந்து அடைபட்டுவிட்டது. அந்தச் சாம்பல் பொட்ரைடிஸ் பூஞ்சையாக இருக்கலாம். அது 0 டிகிரியிலும் மெதுவாக வளரும், ஃப்ரிட்ஜுக்கெல்லாம் அசராது. ஒரு பழத்தில் பிடித்தால் ஒட்டியிருக்கும் பழத்துக்குத் தாவும். அதனால் அந்த மூன்றோடு சுற்றிலும் இருந்ததையும் எறிந்திருக்க வேண்டும். கள் வாடை, உள்ளே ஆக்சிஜன் குறைந்ததாலோ வெடித்த பழத்தில் ஈஸ்ட் வேலை செய்ததாலோ வரும்.

நடுவழி கேட்பீர்கள் என்று தெரியும். கழுவாதீர்கள். உடைந்ததைப் பொறுக்கிவிட்டு அதே பெட்டியில் அடியில் ஒரு டிஷ்யூ விரித்து, பெட்டியை வாய் கட்டாத கவரில் நுழைத்து உள்தட்டில் வையுங்கள். கதவில் வேண்டாம், திறந்து மூடும்போதெல்லாம் சூடு ஏறும். இன்னொன்று: திராட்சை புளிப்பாக இருந்தால் வைத்திருந்து பயனில்லை. மாம்பழம் மாதிரி பிறகு இனிக்காது.

மடிப்பாக்கம்_ராத்திரி_ஷிஃப்ட்:
ஆப்பிள் பக்கத்தில் கிவி பெட்டி வைத்தேன், நாலே நாளில் கூழ். இதுவும் ஈரம்தானா?

பழைய_லேப்_ஆள்:
இல்லை, அது எத்திலீன். ஆப்பிள் விடும் வாயு. கிவி அதில் கொஞ்சம் பட்டாலே இளகிவிடும். இரண்டையும் பிரித்து வையுங்கள்.

நங்கநல்லூர்_தாத்தா:
எல்லாவற்றையும் வீட்டில் வாசித்துக் காட்டினேன். "பாதி நியாயம்" வரை கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். இன்று மூன்றாவது பெட்டி வாங்கியாயிற்று. காம்பு பச்சை, அடியில் ஈரமில்லை, டிஷ்யூவும் விரித்தாயிற்று. ஆனால் 500 என்று அச்சடித்த பெட்டி, தராசில் 493. கடையில் கேட்கலாமா, இல்லை இதையும் மூச்சுக் கணக்கில் எழுதிக்கொள்ளவா?