பசி வந்தால் பத்தும் பறந்துவிடுமா?

கரிச்சான்:
கொஞ்ச நாளாக லெனின்கிராடு முற்றுகை பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படை அந்த சோவியத் நகரத்தைச் சுற்றி வளைத்தது. 1941 செப்டம்பரில் தொடங்கி 872 நாள். முதல் குளிர்காலத்தில் ஆலைத் தொழிலாளி அல்லாதவர்களுக்கு ஒரு நாளைக்கு 125 கிராம் ரொட்டி, அதிலும் மரக்கூழ் கலந்தது. ரேஷன் அட்டை தொலைந்தால் அநேகமாகச் சாவுதான். அது தெரிந்தே அடுத்தவன் அட்டையைப் பிடுங்கினார்கள். மனித மாமிசம் தின்ற குற்றத்துக்காக மட்டும் 2000 பேருக்கு மேல் கைதானார்கள். நல்லவன் என்பதெல்லாம் வயிறு நிறைந்திருக்கும் வரைதான். மறுப்பவர்கள் வரலாம்.

உப்புக்கல்:
வந்துவிட்டேன். அதே ஊரில், அதே குளிரில், ஒரு விதை ஆராய்ச்சி நிலையம் இருந்தது. நெல், கோதுமை, பயறு என்று டன் கணக்கில் தானியம். அதைக் காத்த ஊழியர்கள் பலர் பட்டினியால் இறந்தார்கள். நெல் விதைகளைக் கவனித்துவந்த திமித்ரி இவானோவ், சுற்றிலும் அரிசி இருக்கத்தான் செத்தார். அவரிடமிருந்து எது பறந்தது?

கரிச்சான்:
அவரைப் பற்றி இன்றும் ஏன் பேசுகிறோம்? அபூர்வம் என்பதால்தானே.

உப்புக்கல்:
அப்படிப் பார்த்தால் உங்கள் 2000 பேரும் அபூர்வம்தான். ஊரில் 20 லட்சத்துக்கும் மேல் இருந்தார்கள் ஐயா.

மூன்றாம்சாமம்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இருவருமே பசித்தவனைத்தான் கூண்டில் ஏற்றுகிறீர்கள். 1943 வங்காளப் பஞ்சத்தைப் பாருங்கள். அரசு அமைத்த விசாரணைக் கமிஷன் கணக்குப்படி சாவு 15 லட்சம் (பின்னால் வந்த ஆய்வாளர்களில் சிலர் 30 லட்சமும் அதற்கு மேலும் சொல்கிறார்கள்). அரிசி வியாபாரத்தில் கிடைத்த அதிகப்படி லாபம் 150 கோடி ரூபாய். ஒரு சாவுக்கு ஆயிரம் ரூபாய். இந்த வகுத்தலை நான் போடவில்லை, கமிஷனே போட்டு எழுதியிருக்கிறது. மூட்டையைப் பதுக்கியவன் எவனும் பட்டினி கிடக்கவில்லை. பட்டினி கிடந்தவர்களோ கல்கத்தா வாசல்களில் சோறு கூடக் கேட்கவில்லை, வடித்த கஞ்சியைக் கேட்டார்கள். நிறைந்த கடைகளுக்கு எதிரிலேயே செத்தார்கள்.

கரிச்சான்:
பதுக்கல்காரன் பேராசைக்காரன், சரி. அதே பஞ்சத்தில் பெண்டாட்டி பிள்ளையை விட்டு ஓடியவர்கள் இல்லையா? பிள்ளையை விற்றவர்கள் இல்லையா? அவர்கள் வயிறு காலிதானே?

மூன்றாம்சாமம்:
உண்டு, மறுக்கவில்லை. அமெரிக்காவில் 1944-45ல் 36 பேரை, அவர்கள் சம்மதத்தோடு, ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டுப் பார்த்தார்கள். தட்டை நக்கினார்கள், எரிந்து விழுந்தார்கள், சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்தார்கள் (இதை எப்போது நினைத்தாலும் எனக்கு என்னவோ செய்யும்). சிரிப்பு, நட்பு, காம ஆசை எல்லாம் வற்றிப்போனது. ஆனால் ஒருவரை ஒருவர் குதறிக்கொள்ளவில்லை. பசி ஆளைச் சுருக்கிவிடுகிறது, அவ்வளவுதான். பிள்ளையை விட்டுப் போனவன் அப்படிச் சுருங்கியவன். அதைக் கொடுமை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

கரிச்சான்:
அந்த 36 பேரும் போருக்கு வரமாட்டோம், ஆளைக் கொல்லமாட்டோம் என்று மனசாட்சிப்படி மறுத்தவர்கள். சாதுக்களாகப் பொறுக்கி எடுத்துவிட்டு, கடிக்கவில்லை என்று சான்றிதழ் தருகிறீர்கள். போதாததற்கு, ஆறாம் மாதம் சோறு வரும் என்று அவர்களுக்குத் தெரியும்.

உப்புக்கல்:
இது நல்ல அடி. எனக்குப் பதில் இல்லை.

மூன்றாம்சாமம்:
எனக்கும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சோதனையை விட்டுவிடுவோம். ஆனாலும் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்திருந்தவனையும் பிள்ளையை விட்டு ஓடியவனையும் ஒரே வார்த்தையால் திட்டமாட்டேன்.

கரிச்சான்:
சரி, இரண்டு வார்த்தை வைத்துக்கொள்ளுங்கள். லெனின்கிராடில் ஒரு கிழவியின் ரேஷன் அட்டையைப் பிடுங்கினானே, அவனுக்கு எது?

மூன்றாம்சாமம்:
அவன் அன்றைக்குச் சாப்பிட்டிருந்தானா என்று முதலில் கேட்பேன்.

கரிச்சான்:
கிழவியிடம் கேட்கமாட்டீர்களா?