வெள்ளை மணல் மீன் தொட்டி பழுப்பாயிடுச்சு, எல்லாத்தையும் கொட்டிட்டு சாயில் போடணுமா?

ஈசூன் கயல்

வணக்கம். ரெண்டடித் தொட்டி (60×30×36 செ.மீ.) வச்சு இன்னைக்கு 24 நாள். அடியில வெறும் வெள்ளை மணல். செடின்னா அனுபியாஸ் ரெண்டு, ஜாவா ஃபெர்ன் ஒண்ணு, கிரிப்டோகொரைன் நாலு, வல்லிஸ்னேரியா ஒரு கட்டு. மீன்னா நியான் டெட்ரா ஆறு.

போன வாரத்துல இருந்து மணல் மேல காப்பித்தூள் தூவின மாதிரி இருக்கு. கண்ணாடியில விரலாலயே கோலம் போடலாம். கிரிப்டோ இலை வழவழன்னு கையோட வருது. லைட் காலை 8ல இருந்து ராத்திரி 10 வரை. வாரம் ஒரு வாளி தண்ணி மாத்துறேன், முந்தின ராத்திரியே புடிச்சு வச்சுத்தான். கடையில கேட்டா, மணல்ல செடி வளராது, சாயில் (தொட்டிச் செடிக்குன்னே விக்கிற சத்து மண்ணு) போடுங்கன்றாங்க. வீட்டுக்காரர் "இன்னும் எத்தனை வெள்ளி செலவாகும்?"ன்னு கேக்குறார்.

பாத்தோக் தொட்டிக்காரன்

தங்கச்சி, எதையும் கொட்டாதீங்க.

மணல்ல சத்து கிடையாது, அது வாஸ்தவம். ஆனா உங்க செடியில பாதிக்கு மண்ணே தேவையில்ல. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் ரெண்டையும் கட்டையில நூலால கட்டிவிடுங்க. அந்தத் தடிச்ச தண்டைப் புதைச்சா அழுகிடும். கிரிப்டோ, வல்லிஸ்னேரியாவுக்கு மட்டும் வேர்ப் பக்கத்துல ரூட் டேப் (உர மாத்திரை) அழுத்துங்க. கிரிப்டோ இடம் மாறினா இலையெல்லாம் கரைஞ்சுட்டுத்தான் மறுபடி துளிர்க்கும். வேரைப் பிடுங்கிடாதீங்க.

அந்தப் பழுப்பு டயாட்டம்ங்கிற பாசி. புதுத் தொட்டின்னா பெரும்பாலும் வரும், தானாவும் போகும். ஆனா 14 மணி நேரம் லைட் எரிஞ்சா அடுத்து பச்சை நூல் பாசி வந்து நிக்கும். டைமர் மாட்டி 6 மணி நேரம் போதும். சாயங்காலம் 5 டு 11 வச்சா வேலை முடிஞ்சு வர்றவரும் பார்ப்பார், வெள்ளிக் கணக்கும் கேக்க மாட்டார்.

அப்புறம் அந்த வாளி. வெறும் குளோரின்னா திறந்து வச்சா போயிடும். இங்க சிங்கப்பூர்ல பியுபி (தண்ணி வாரியம்) விடுற தண்ணியில இருக்குறது குளோரமைன், குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது. ராத்திரி முழுக்க வச்சாலும் அவ்வளவு லேசுல போகாது. ஆண்டி-குளோரின் மருந்து கலக்காம ஊத்தினா ஃபில்டர்ல அம்மோனியாவைத் தின்னுற பாக்டீரியாவுக்குத்தான் அடி விழும். அது அடிபட்டா அம்மோனியா தங்கும், பாசிக்குத் தீபாவளி. அம்மோனியாவையும் சேர்த்துக் கட்டுற மருந்தாப் பார்த்து வாங்குங்க.

சாயில் மேல எனக்குக் கோபம் கிடையாது. மோன்டே கார்லோங்கிற குட்டிச் செடி புல்லு மாதிரி படரணும்னு நானும் போட்டவன்தான். உங்க தொட்டி அளவுதான், முன்னாடி 3 செ.மீ., பின்னாடி 7, சரியா 9 லிட்டர் மூட்டை ஒண்ணு. சட்னிக் கிண்ணத்தை மேல வச்சு அதுல தண்ணி ஊத்தினேன், துளி கலங்கல. அந்தத் திமிர்லதான் மூணாம் நாளே பத்து இறாலை விட்டேன். காலையில பார்த்தா அத்தனையும் வெந்த இறால் மாதிரி செவந்து கிடக்குது. புது சாயில் முதல் சில வாரம் அம்மோனியா கசியும். மூட்டையில எழுதியிருந்துச்சு, நான்தான் படிக்கல. உங்க நியானை உள்ள வச்சுக்கிட்டு இப்ப சாயில் மாத்தினா அதே கதைதான்.

நத்தை_சிராங்கூன்

அண்ணே வெயிலை விட்டுட்டீங்க. எங்க வீடு மேற்குப் பார்த்தது. மூணு மணிக்கு மேல தொட்டித் தண்ணி 31 டிகிரி. திரைச்சீலையை இழுத்து விட்டு, மேல ஒரு சின்ன ஃபேன் மாட்டினேன், 28க்கு இறங்குச்சு. தண்ணி சீக்கிரம் வத்தும், ஊத்திக்கிட்டே இருக்கணும்.

ரூட் டேப்பை ஆழமா அழுத்துங்க கயல். மேல வந்து கரைஞ்சா தண்ணியே பச்சையாயிடும். நெரைட் நத்தை ரெண்டு விடுங்க, கண்ணாடி பளிச்சுன்னு ஆயிடும். வெள்ளை வெள்ளையா முட்டை ஒட்டும், நல்ல தண்ணியில பொரிக்காது, ஆனா சுரண்டவே ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிடும் லா.

குமரன்88

எதுக்கு இவ்வளவு பாடு? லிக்விட் கார்பன் ரெண்டு மூடி ஊத்துங்க, பாசி காலி.

பாத்தோக் தொட்டிக்காரன்

தம்பி, வல்லிஸ்னேரியாவும் சேர்ந்து காலியாகும். அதுக்கு அந்த மருந்து ஆகவே ஆகாது.

ஈசூன் கயல்

17 நாள் கழிச்சு வர்றேன். டைமர் போட்டாச்சு, ஆண்டி-குளோரின் ஊத்தி வாரம் ரெண்டு தடவை மூணுல ஒரு பங்கு மாத்துறேன். பழுப்பு முக்காவாசி போயிடுச்சு. கிரிப்டோ நாலுல மூணு நடுவுல சுருட்டின வெத்தலை மாதிரி துளிர் விட்டிருக்கு. சாயில் காசு மிச்சம்னு அவர் இன்னொரு ஆறு நியான் கேக்குறார்!

ஒண்ணே ஒண்ணு, அனுபியாஸ் இலை ஓரத்துல கறுப்பா முடி மாதிரி வருது அண்ணே. இது என்ன?

பாத்தோக் தொட்டிக்காரன்

படம் போடுங்க. அதுவரைக்கும் புது நியான் வேணாம்னு அவர்கிட்ட சொல்லுங்க.